களப்பயிற்சிக்குக் கூலி எங்கே?

(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் பேசியது)



நான் கவிதை எழுதுகிறவன். பகலில் பேங்க் குமாஸ்தா. இன்றைக்குக் கவிதை வேண்டாம், கணக்குப் பேசுவோம்.

1894-ல் கர்னல் ஒல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கிய பகுதி இது. நம் பிள்ளையைப் பள்ளிக்குள்ளே விடுவார்களா என்பது அன்றைய கேள்வி. உள்ளே போன பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்க யார் இருக்கிறார்கள் என்பது இன்றைய கேள்வி.

அப்படிக் கேட்பதற்கென்றே கல்வி உளவியல் படிப்பு இருக்கிறது. என் அக்கா மகள் அதைத்தான் படித்தாள். கடைசி வருஷம் ஒரு பள்ளியில் களப்பயிற்சி. பிள்ளைகளைச் சோதிக்கணும், பெற்றோரிடம் பேசணும், அறிக்கை எழுதணும். முழுநாள் வேலை. ஒரு பைசா கிடையாது. டியூஷன் எடுத்துச் சம்பாதித்ததும் நின்றுபோச்சு. அக்காவின் கம்மல் அடகுக்குப் போச்சு.

'ஸ்காலர்ஷிப் இருக்கே' என்பார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கு 1944 முதல் மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. போராடிக் காக்க வேண்டியதுதான். ஆனால் 2021-ல் திருத்திய விதியில், வீட்டிலிருந்து போய் எம்.ஏ. படிக்கிற பிள்ளையின் கைச்செலவுக்கு வருஷத்துக்கு 3000 ரூபாய். மாசம் 250. இதில் மத்தியானச் சோறு எத்தனை நாளைக்கு?

ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை தருகிறார்கள். தொழிற்சாலையில் பழகுநருக்கு 1961-ஆம் வருஷச் சட்டமே தரச்சொல்கிறது. இங்கிலாந்தில் கல்வி உளவியலாளர் பயிற்சி மூன்று வருஷம். அந்தக் காலம் முழுக்கப் படிப்பவருக்குப் பணம் உண்டு. பயிற்சியும் உழைப்புதான் என்று அங்கே ஒத்துக்கொண்டார்கள்.

1913-ல் பரோடா மன்னர் மாசம் பதினொன்றரைப் பவுன் கொடுத்ததால் அம்பேத்கர் அமெரிக்கா போனார். 1917-ல் உதவி முடிந்தது. லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவர் அறிவா தீர்ந்துபோச்சு? காசு தீர்ந்துபோச்சு.

அந்தப் பள்ளியில் ஒரு பையனுக்கு 'மந்தம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். என் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து, 'ராத்திரி எப்படா தூங்கினே?' என்று கேட்டாள். விடியுமுன் வலை இழுக்கப் போகிற பையன் அவன். வகுப்பில் தூங்காமல் என்ன செய்வான்? அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியது, அவளும் அப்படி வளர்ந்தவள் என்பதால்.

சும்மா உழைக்க வசதியுள்ளவர் மட்டுமே இந்த வேலைக்கு வந்தால், நம் பிள்ளைகள் மீது 'மந்தம்' என்ற முத்திரை விழுந்துகொண்டே இருக்கும்.

ஆகவே நாம் கேட்பது இது: களப்பயிற்சிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதாமாதம் உதவித்தொகை. பரீட்சை முடிந்தபின் வருகிற பணமாக இல்லை, பயிற்சி தொடங்கிய மாசமே. பாஸ்புக்கில் அதை 'உதவி' என்று பதியலாம். நாம் கூலி என்றே சொல்வோம்.