பாஸ் அப்: வந்த வாய்ப்பை விடுவது

இன்னைக்கு நாம பார்க்கப்போறது "பாஸ் அப்". பரீட்சையில பாஸ் ஆகுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வந்த வாய்ப்பைத் தெரிஞ்சே விட்டுடுறதுதான் "பாஸ் அப்". தெரியாம தவறவிட்டா, அது "மிஸ்".

"டர்ன் டவுன்" என்றால், ஒருத்தர் கொடுக்கிறதை வேண்டாம்னு சொல்றது. 1964-இல் சார்த்தர் நோபல் பரிசை மறுத்தார்: "ஹி டர்ன்ட் டவுன் த நோபல் பிரைஸ்."

"இட்" வந்தா நடுவுலதான் வரும்: "டோன்ட் பாஸ் இட் அப்." "பாஸ் அப் இட்" தப்பு.

இன்டர்வியூல ரொம்பக் கவனம். "ஐ டர்ன்ட் டவுன் த ஜாப்" என்றால், வேலையை நான் மறுத்தேன். "ஐ வாஸ் டர்ன்ட் டவுன்" என்றால், என்னை அவங்க வேண்டாம்னுட்டாங்க. ஒரு "வாஸ்" சேர்ந்தா அர்த்தமே தலைகீழ்!

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.