உறவு மணமும் பட்டாணிச் செடியும்



உறவு மணத்தைப் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அதற்கு யாம் ஒரு பட்டாணித் தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

மொராவிய நாட்டில் புரூன் நகரத்து மடத்திலே கிரெகர் மெண்டல் என்னும் துறவி இருந்தார். 1856 முதல் 1863 வரை அவர் பட்டாணிச் செடிகளுக்கு விவாகம் செய்து வைத்தார் என்றே சொல்லலாம். உருண்டை விதையுடைய இனத்தையும் சுருங்கிய விதையுடைய இனத்தையும் சேர்த்தார். பிறந்த விதைகள் யாவும் உருண்டையே. சுருக்கம் தொலைந்தது என்று நம்மில் எவரும் அத்துடன் விட்டிருப்போம். அவரோ அவற்றை விதைத்துத் தம்மில் தாமே கருக்கொள்ளும்படி செய்தார். அடுத்த தலைமுறையில் உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! 1865இல் அவர் இதனைத் தம் ஊர்ச் சபையிற் படித்தார், கேட்டார் பொருட்படுத்திலர். அவர் 1884இல் மறைந்தார். 1900இல்தான் அறிஞர் மூவர் அவ்வுண்மையை மீண்டும் கண்டு வெளிப்படுத்தினர்.

தாய் தந்தையர் குணங்கள் பாலும் நீரும்போற் கலந்துவிடுகின்றன என்று மேனாட்டாரும் எண்ணியிருந்த காலம் அது. உண்மையில் அவை கலப்பதில்லை. பச்சரிசி மூட்டையில் விழுந்த உளுந்து உளுந்தாகவே கிடப்பதுபோல் தனித்தே நிற்கின்றன. குணம் ஒன்றுக்குத் தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று என இரண்டு கூறுகள் உள. இவற்றையே மரபணு என்கிறோம். ஓங்கிய கூறு ஒடுங்கிய கூற்றை மறைக்கும், அழிக்காது. ஒடுங்கிய கூறு இரண்டு ஒருங்கு கூடினால் அது வெளிப்படும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு பாட்டனாரிடம் நோய்க்கூறு ஒன்று ஒளிந்திருக்கிறது, அவர் திடகாத்திரர். அது மகன் வழி பேத்திக்கும், மகள் வழி பேரனுக்கும் இறங்கக்கூடும். அவ்விருவரும் அத்தை மகன், மாமன் மகள் என்னும் முறையில் மணந்தால், பிரிந்து சென்ற கூறு அவர்தம் மகவிடத்தே இரண்டாகக் கூடலாம். இம்முறையினர் தம்முள் எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொது. தாய்மாமனும் அக்காள் மகளும் மணப்பின் நான்கில் ஒரு பங்கு. 1902இல் கரோட் என்னும் ஆங்கில மருத்துவர், சிறுநீர் கறுக்கும் அரிய நோய் ஒன்றுடையாரின் பெற்றோர் பலர் உடன்பிறந்தார் மக்களாயிருக்கக் கண்டு, இவ்வுண்மையை மனிதரிடத்தும் காட்டினார்.

“எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாமன் மகள்தான், ஒரு குறையும் இல்லையே” என்பார் உளர். மெய்தான். இத்தகைய மணத்திற் பிறக்கும் மக்களிற் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். கூடுவது அபாயத்தின் அளவேயன்றி, நிச்சயமன்று. ஆயினும் அந்த அளவு ஒரு வீட்டில் விடியும்போது அவ்வீட்டாருக்கு அதுவே முழுமை.

அப்போது நம்மிடையே நிகழ்வது யாது? மருமகளின் ராசியைப் பழிக்கின்றோம். இது கொடுமை மட்டுமன்று, பொய்யும் ஆகும். ஒடுங்கிய நோய்க்குத் தந்தை ஒரு கூறும் தாய் ஒரு கூறும் சரிபாதியாகத் தந்தாக வேண்டும். பெண்மகவே பிறப்பதற்கு மனைவியை நோகின்றவர்க்கும் ஒரு சொல்: ஆணா பெண்ணா என்பதைத் தீர்ப்பது தந்தையின் வித்தே.

இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. நான்கில் ஒன்று என்றால், முதற்குழந்தை நோயுற்றபின் அடுத்த மூன்றும் நலமாகப் பிறக்கும் என்பதன்று. ஒவ்வொரு பேற்றிலும் அதே நான்கில் ஒன்றுதான்.

தலசீமியா என்னும் கடும் இரத்தக்குறைவு இவ்வகையினது. கூறு சுமப்பவர் எவர் என்பதை இரத்தப் பரிசோதனையால் மணத்திற்கு முன்பே அறியலாம். ஒருவர் மட்டும் சுமப்பவராயின் அஞ்ச வேண்டுவதில்லை. இருவரும் சுமப்பவராயின் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். ஜாதகத்தோடு இச்சீட்டையும் கேட்பது பெண் வீட்டாருக்கு இழிவன்றோ என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் வினவினார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சீட்டை முதலிற் கொடுத்துவிட்டால் அப்பேச்சுக்கு இடமில்லை.