வைரத்தின் குற்றம்



வைரம் வாங்குவோர் முதலில் பார்ப்பது கல்லில் குற்றம் உண்டா என்பதைத்தான். குற்றமுள்ள கல்லை ஒதுக்கிவிடுவர். பௌதிக அறிஞர்களோ, வைரத்தில் ஒரு குற்றத்தைத் தாமே உண்டாக்கி, அதனையே அளக்கும் கருவியாகக் கொண்டனர்.

நான் ஆசிரியனாக இருந்தபோது, சட்டக் காந்தத்தின்மேல் காகிதத்தை விரித்து, இரும்புத் தூளைத் தூவிக் காட்டுவது வழக்கம். ஒரு நாள் ஒரு மாணவன், "ஐயா, காந்தத்தை மெல்லியதாகச் சீவிக்கொண்டே போனால், எதுவரை அது காந்தமாக இருக்கும்?" என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

அது எளிய வினா அன்று. எல்லாத் திசைகளும் சமமாக உள்ள மெல்லிய ஏட்டில், சிறிது வெப்பம் இருந்தாலும் காந்த ஒழுங்கு நிலைக்காது என்று 1966-இல் மெர்மின், வாக்னர் என்ற இருவர் நிறுவினர். ஆனால், ஒரு திசையை மட்டும் விரும்பும் பொருளுக்கு இத்தடை இல்லை. 2004-இல் மான்செஸ்டர் நகரில் கைம், நோவோசெலோவ் இருவரும் கிராபைட்டிலிருந்து ஒற்றை அடுக்கை ஒட்டும் நாடாவால் உரித்தெடுத்தனர். அதே வழியில் 2017-இல், குரோமியம் அயோடைடு என்னும் பொருளின் ஒற்றை அடுக்கும் காந்தமே என்று அமெரிக்காவில் கண்டனர். ஆனால் உறைநிலைக்குக் கீழே 228 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்விக்க வேண்டும். ஒளியைக் கொண்டு செய்த அச்சோதனை, காந்தம் உண்டு என்று காட்டியதேயன்றி, எவ்வளவு என்று அளந்து சொல்லவில்லை.

இங்கேதான் வைரம் உதவிற்று. வைரம் என்பது கரி அணுக்களின் ஒழுங்கான அடுக்கு. ஓரிடத்தில் கரி அணுவுக்குப் பதிலாக நைட்ரஜன் அணு அமர்ந்து, அதற்கு அடுத்த இடம் காலியாக இருப்பதே நான் கூறிய குற்றம். அங்குள்ள எலெக்ட்ரான்கள், தற்சுழற்சி என்ற குவாண்டம் பண்பால், நுண்ணிய காந்த ஊசிபோல் நடந்துகொள்கின்றன. பச்சை ஒளி பட்டால் அக்குற்றம் சிவப்பாக ஒளிர்கிறது. வினாடிக்கு 287 கோடி முறை அதிரும் நுண்ணலையைச் செலுத்தினால், அச்சிவப்பு சற்று மங்குகிறது. அருகில் காந்தம் இருப்பின், மங்கும் அதிர்வு ஒன்று இரண்டாகப் பிரிகிறது. அவற்றின் இடைவெளியே காந்தப் புலத்தின் அளவு. இவ்வாறு ஒரே குற்றத்தைக் கொண்டு அளக்கலாம் என்பதை 2008-இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் செய்து காட்டினர்.

2019-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் மலெட்டின்ஸ்கி என்பாரின் குழுவினர், இத்தகைய குற்றம் ஒன்றை வைர முனையில் அமைத்து, குரோமியம் அயோடைடு ஏடுகளின்மேல் நகர்த்தி அளந்த விவரத்தை வெளியிட்டனர். ஓர் அடுக்கில் காந்தம் இருந்தது. இரண்டு அடுக்குகளில் மறைந்தது. மூன்றில் மீண்டும் ஓர் அடுக்கின் அளவே தோன்றியது. அடுத்தடுத்த அடுக்குகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஒற்றைப்படையாயின் ஒன்று மிஞ்சுகிறது.

ஆனால் தடித்த ஓர் ஏட்டில் மட்டும் எல்லா அடுக்குகளும் ஒரே பக்கம் நோக்கியிருந்தன. ஆய்வின் நடுவே வைர முனை தவறிப்போய் அவ்வேட்டைத் துளைத்துவிட்டது. கெட்டது என்று அதை அவர்கள் எறிந்துவிடவில்லை, மீண்டும் அளந்தனர். காந்தம் ஓர் அடுக்கின் அளவுக்குக் குறைந்திருந்தது! அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கும் விதம் மாறினால், காந்தத்தின் போக்கும் மாறும் என்ற உண்மை வெளிப்பட்டது.

அம்மாணவனுக்கு இன்று விடை கூறுவேன்: தக்க பொருளாயின், கடைசி ஓர் அடுக்குவரை அது காந்தமே. இன்னொன்றும் கூறுவேன். சோதனைச் சாலையில் உங்கள் அளவு பிழைபட்டால், விடையை அழித்துப் பக்கத்து மாணவனின் எண்ணை எழுதிவிடாதீர்கள். பிழை எங்கே நேர்ந்தது என்று மறுமுறை அளந்து பாருங்கள். அங்கேயும் ஓர் உண்மை இருக்கக்கூடும்.