வழியிலேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்

(வானொலி மறையுரை. இறைவார்த்தை: மத்தேயு 18:21-35)



இன்றைய நற்செய்தியில் கணக்கு இருக்கிறது, கடன் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. மன்னிப்பைப் பற்றிய உவமை என்றே இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் கடன் வாங்கியவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் இது வேறு விதமாகக் காதில் விழும். கோர்ட்டில் டிக்ரி ஆகி, அமீனா வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்கு இது வெறும் கதையாக இராது.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். மகள் திருமணத்துக்காக ஒரு தந்தை, பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குகிறார். அது அந்த அம்மாவின் கணவர் இறந்தபோது வந்த பணம். அவருக்கு இருக்கும் ஒரே சேமிப்பு. தந்தை கொஞ்சம் கொடுக்கிறார், பிறகு நின்றுவிடுகிறது. நோட்டீசு வருகிறது, வாங்காமல் திருப்பி அனுப்புகிறார். சம்மன் வருகிறது, போகவில்லை. எதிர்த்தரப்பு வராமலே தீர்ப்பாகிறது. சில ஆண்டுகளில் தந்தையும் காலமாகிறார். இப்போது மகன் கேட்கிறார், "அப்பா வாங்கினதுக்கு நான் என்ன செய்வேன், சாமி?" அந்த அம்மாவும் கேட்கிறார், "மன்னிக்கணும்னு பிரசங்கம் வைக்கிறீங்களே, என் மருந்துச் செலவுக்கு யார் கொடுப்பாங்க?" இருவரும் ஒரே கோவிலில், ஒரே திருப்பலியில் இருக்கிறார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் உவமையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம். அப்படியானால் பத்தாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். கடவுள் நமக்கு மன்னித்தது அவ்வளவு. உடன் பணியாளர் பட்ட கடனோ நூறு தெனாரியம். இதை அற்பத் தொகை என்று சொல்லிவிடுகிறோம். நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற சகோதரிகளைக் கேட்டால் தெரியும், நூறு நாள் கூலி அற்பம் அல்ல. ஏரிக்கரையில் வெயிலில் மண் சுமந்த காசு அது. ஆகவே இயேசு, கொடுத்தவருடைய இழப்பு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. அந்த இழப்பு உண்மையானது. ஆனாலும் கழுத்தை நெரிக்காதே என்கிறார்.

கடன் வாங்கிய நிலையில் இருப்பவர்கள் முதலில் கேட்போம். மன்னிப்பு என்பது கொடுத்தவர் தரும் கொடை. வாங்கியவர் அதை உரிமையாகக் கேட்க முடியாது. கடன் வாங்கித் திருப்பித் தராதவரைத் திருப்பாடல் 37 பொல்லார் வரிசையில் வைக்கிறது. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம். மூன்று ஆண்டு ஓட்டிவிட்டால் தப்பித்தோம் என்று சிலர் எண்ணுகிறார்கள். காலம் கடந்தால் கோர்ட்டின் கதவுதான் மூடுகிறது. கடன் கடனாகவே இருக்கிறது. மனச்சாட்சிக்குக் காலவரையறைச் சட்டம் கிடையாது.

ஓடி ஒளிவதால் பயனும் இல்லை. சம்மனை வாங்காவிட்டாலும் வழக்கு நடக்கும். தீர்ப்பு ஆனபின் 12 ஆண்டுகள் வரை அதை நிறைவேற்றக் கேட்கலாம். ஆகவே கடிதத்தைப் பிரித்துப் படிப்போம். நமக்குத் தெரியாமலே தீர்ப்பாகிவிட்டால், தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கேட்க 30 நாள் அவகாசம் உண்டு. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமலே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தீர்ப்புக்குப் பின் கையில் கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்காது. நம்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் கட்ட நேரிடலாம்.

அந்த மகனின் கேள்விக்கு வருவோம். தந்தையிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கே வாரிசு பொறுப்பாவார் என்கிறது சட்டம். ஒன்றும் வராதவர் தம் சொந்த உழைப்பிலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் தந்தையின் காணியை உழுது உண்கிறவர் தந்தையின் கடனை மட்டும் கைகழுவ முடியாது. இதில் சட்டமும் நியாயமும் ஒன்றாகவே நிற்கின்றன.

இனி, கடன் கொடுத்த நிலையில் இருப்பவர்கள் கேட்போம். நாம் கேட்பது நம்முடைய பணம்தான். கோர்ட்டுக்குப் போவது பாவம் அல்ல. ஆனால் எதுவரை போகலாம் என்பதற்குக் கடவுள் ஒரு எல்லை வைத்தார். இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போனதும் எடுத்துப் படிப்போம். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது, ஏனெனில் அது அந்த வீட்டின் உயிர். அடகை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். ஏழையின் போர்வையைச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இதையொத்த எல்லையை வைத்திருக்கிறது. அதன் 60ஆம் பிரிவின்படி உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, பெண்கள் சமய வழக்கப்படி கழற்றாத தாலி போன்ற அணிகலன், தொழிலாளியின் கருவி, உழவருக்குத் தேவையான ஏர், மாடு, விதைநெல் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. உழவரும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. அடமானம் எழுதிக் கொடுத்த சொத்து மட்டும் வேறு கணக்கு. பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. 1980இல் கொச்சி வங்கி வழக்கில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர், வசதி இருந்தும் ஏமாற்றுகிறவரைத்தான் சிறைக்கு அனுப்பலாம், வறுமையால் கட்ட முடியாதவரை அனுப்பக் கூடாது என்று தீர்ப்பளித்தார். உவமையில் வரும் பணியாளர் செய்தது அதுதான். கட்ட வழியில்லாதவரைச் சிறையில் போட்டார். சிறையில் இருப்பவர் எப்படிச் சம்பாதித்துக் கட்டுவார்? அதில் பணமும் வராது, மனிதரும் மிஞ்சமாட்டார்.

இவ்வளவையும் செய்தும் நெஞ்சில் கசப்பு இருக்கலாம். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். ஆண்டவர் கற்பித்த செபத்தில் மத்தேயு எழுதியிருப்பதும் கடன் என்னும் பொருள் தரும் சொல்லே. ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லும்போது நம் பற்றுச் சீட்டையும் மற்றவர் நமக்கு எழுதிக் கொடுத்த சீட்டையும் சேர்த்தே கடவுள் முன் வைக்கிறோம். முழுத் தொகையையும் விட முடியாதவர்கள் வட்டியை விடலாம். அதுவும் முடியாதவர்கள் தவணை கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், தெருவில் நின்று அவமானப்படுத்துவதையாவது விடலாம்.

நம் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைத் தேர்தலைப் பற்றியது. ஊரின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் அதில் பொறுப்புக்கு வர முடியாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டுவது நம் மண்ணின் மரியாதை. கடன் பட்டவர், "இவ்வளவு வாங்கினேன், இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு பாக்கி, மாதம் இவ்வளவுதான் முடியும்" என்று எதிரே உட்கார்ந்து சொன்னாலே பாதிக் கசப்பு தீர்ந்துவிடும்.

அப்படி உட்கார ஓர் இடம் வேண்டும். வழக்காடப் போகும் வழியிலேயே எதிராளியோடு உடன்பாடு செய்துகொள்ளச் சொன்னார் ஆண்டவர். மக்கள் நீதிமன்றம் அத்தகைய ஓர் இடம். அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடிப்பது கோர்ட் தீர்ப்புக்கே சமம், மேல்முறையீடு இல்லை. வழக்கு நிலுவையில் இருந்து அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். உறவினர்களும் அன்பியத்தாரும் நடுவில் இருந்து பேசலாம். புனித பவுல் ஒனேசிமுக்காகப் பிலமோனுக்கு எழுதியபோது, அவர் பட்ட கடன் ஏதும் இருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதச் சொல்லி, தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு ஜாமீன் கையெழுத்து! நம்மில் எத்தனை பேர் சண்டையை மூட்டிவிட்டு வேடிக்கை பார்த்தோம், எத்தனை பேர் நடுவில் உட்கார்ந்தோம் என்று கேட்டுக்கொள்வோம்.

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். பிரிக்காத நோட்டீசு வீட்டில் இருந்தால் பிரிப்போம். பழைய புரோநோட்டு நம் பெட்டியில் இருந்தால் எடுத்து, அதை எழுதிக் கொடுத்தவரின் இன்றைய நிலையை எண்ணிப் பார்த்து, செபித்து, பிறகு அவரைக் கூப்பிட்டுப் பேசுவோம். அடுத்த ஞாயிறு சமாதானம் சொல்லும்போது, இதுவரை பார்க்காத அந்த முகத்தைப் பார்ப்போம்.

செபிப்போம். இரக்கமுள்ள தந்தையே, கட்ட முடியாத எங்கள் கடனை உம் மகனின் சிலுவையில் நீர் தீர்த்தீர். கடன் பட்டவர்களுக்கு நேர்மையையும், கடன் கொடுத்தவர்களுக்கு இரக்கத்தையும், நடுவில் நிற்பவர்களுக்கு ஞானத்தையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக. ஆமென்.