கடாரம் கொண்டான் மறைந்த பிறகு



சுங்கைப்பட்டாணியிலிருந்து மெர்போக் பக்கம் போகிறவர்கள், ஜெராய் மலை அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சிசாலையைப் பார்த்திருப்பார்கள். பக்கத்திலேயே புக்கிட் பத்து பகாட் சண்டியின் கல் அடித்தளம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் அங்கே தவறாமல் சொல்லும் பெயர் ராஜேந்திர சோழன். 1025-ஆம் ஆண்டில் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றவன். கெடா தமிழர்களுக்கு அந்தப் பெயரில் தனிப் பெருமை உண்டு. பெருமை இருக்கட்டும். அந்த மாமன்னன் இறந்த பிறகு அவன் ராஜ்ஜியம் என்ன ஆனது? அதுதான் இன்றைய பொருள்.

முதலில் மாவீரன் அலெக்சாண்டரைப் பார்ப்போம். கி.மு. 323-இல் பாபிலோனில் 32 வயதில் இறந்தான். மனைவியோ கர்ப்பிணி. அடுத்தவர் யார் என்று அவன் ஏற்பாடு செய்யவில்லை. மனநலம் குன்றிய சகோதரனையும், பின்னர் பிறந்த குழந்தையையும் பெயரளவில் அரசர்களாக்கிவிட்டுத் தளபதிகள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். பதினைந்து ஆண்டுகள் முடிவதற்குள் அந்தச் சகோதரன், தாய், மனைவி, மகன் எல்லாருமே கொல்லப்பட்டார்கள். எகிப்து தாலமிக்கும், ஆசியாவின் பெரும்பகுதி செலூக்கஸுக்கும் போனது. சிந்து நதிக்கரையைச் சந்திரகுப்த மௌரியன் எடுத்துக்கொண்டான்.

ராஜேந்திரன் அப்படி விட்டுவிடவில்லை. 1018-லேயே மகன் ராஜாதிராஜனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி, ஆட்சியில் பங்கு கொடுத்தான். 1044-இல் தந்தை மறைந்தபோது மகனுக்கு 26 ஆண்டு அனுபவம் இருந்தது. 1054-இல் கொப்பத்துப் போரில் யானை மீதிருந்தபடியே ராஜாதிராஜன் மாண்டான். படை கலைந்து ஓடியிருக்க வேண்டிய நேரம். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு படையை நிறுத்தினான். அவனுக்குப் பின் இன்னொரு தம்பி வீரராஜேந்திரன். 1070-இல் அவனும், சில மாதங்களில் அவன் மகன் அதிராஜேந்திரனும் இறந்தபோது நாடு தடுமாறியது உண்மை. ஆனால் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் முதலாம் குலோத்துங்கன் வந்து பிடித்து நிறுத்தினான். சோழ அரசு 1279 வரை நின்றது. ராஜேந்திரன் மறைந்து 235 ஆண்டுகள்!

இதற்கு வாரிசு ஏற்பாடு மட்டும் காரணமல்ல. கீழே ஊர்ச் சபைகள் இருந்தன. ராஜேந்திரனுக்கு ஒரு நூறாண்டுக்கு முந்திய உத்திரமேரூர்க் கல்வெட்டு என்ன சொல்கிறது? குடவோலையில் தேர்வானவருக்குப் பதவி ஓராண்டுதான். கடந்த 3 ஆண்டுகளில் பதவி வகித்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. அரண்மனையில் என்ன குழப்பம் நடந்தாலும் ஊரில் ஏரியைப் பார்க்கவும் கணக்கு எழுதவும் ஆள் இருந்தார்கள்.

சரி, கடாரம் என்ன ஆனது? வென்ற ஊரைச் சோழர்கள் தங்கி ஆளவில்லை. உதவி கேட்டு வந்த கடாரத்து அரசனுக்காக வீரராஜேந்திரன் படை அனுப்பி, வென்ற நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு, 1090 வாக்கில் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி குலோத்துங்கன் வரிச்சலுகையை உறுதி செய்தான். படையெடுப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. கப்பலும் வணிகமும் கோயிலும் தொடர்ந்தன. தாத்தாவுக்குக் கிடைத்த பெயர் கடாரம் கொண்டான். பேரனை மக்கள் நினைவில் வைத்தது சுங்கம் தவிர்த்த சோழன் என்று.

இனி நம் கெடாவுக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பால்மரம் போய் செம்பனை வந்தது; லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. அப்படியும் கோயிலையும் இளைஞர் மன்றத்தையும் கட்டிக் காத்த பெரியவர்கள் பலர். அவர்கள் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ரசீதுப் புத்தகம் அவர் பையில், வங்கிப் புத்தகம் அவர் அலமாரியில், நிலப் பத்திரம் எங்கே என்பது அவருக்கு மட்டுமே தெரியும் என்றிருந்தால்? அவர் கண்மூடி முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள் இரண்டு நிர்வாகம், இரண்டு பூட்டு, போலீஸ் புகார். பீடோங், கூலிம், அலோர்ஸ்டார் என்று எங்கு போனாலும் இப்படி ஒரு கதை கேட்காதவர் உண்டா?

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு முன் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? கணக்கு எப்போது வாசிக்கப்பட்டது? தலைவருக்கு அருகிலிருந்து வேலை பழகும் இளைஞரோ பெண்ணோ யார்? தலைவர் நலமாக இருக்கும்போதே கேளுங்கள். அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள். மகனுக்குப் பட்டம் கட்டியபோது ராஜேந்திரனும் நலமாகத்தான் இருந்தான். கடாரத்துக்குக் கப்பல் புறப்படவே இன்னும் 7 ஆண்டுகள் இருந்தன.