தள்ளிவைத்த தவணை



2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த வாரமே பேங்க் நெகாரா, பெரும்பாலான தனிநபர் கடன் தவணைகளை ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குத் தள்ளிவைக்க ஏற்பாடு செய்தது. “வாத்தியாரே, யாரும் கட்டாவிட்டால் வங்கி எப்படிப் பிழைக்கும்?” என்று தோட்டத்து அம்மா ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி.

வங்கி கடனாகக் கொடுப்பது பெரும்பாலும் நம்மைப் போன்றோர் போட்டுவைத்த பணத்தையே. தவணை வராவிட்டாலும், போட்டவர் கேட்டால் அதைக் கொடுத்தாக வேண்டும். அவருக்கு வட்டியும் தரவேண்டும். வேலை இழந்தவர்கள் பிறகும் கட்டமாட்டார்களோ என்று, வரக்கூடிய நட்டத்திற்காக ஒரு தொகையை ஒதுக்கியும் வைக்கவேண்டும். கிளைகள் திறந்திருக்கும் நேரமோ அப்போது குறைந்திருந்தது.

ஆகவே, சாதாரண வீட்டுக் கடனில் அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாக்கி 50,000 வெள்ளி, ஆண்டு வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத வட்டி 1,000 வெள்ளி. அதையும் பின்னால் நாம்தான் கட்டவேண்டும்.

வருமானம் நின்றவருக்கு அந்த அவகாசம் பேருதவி. சம்பளம் குறையாமல் வந்தும் தவணையை நிறுத்தியவர்களும் நம்மிடையே உண்டு. அந்தப் பணம் புதுக் கைப்பேசியாக மாறியதையும் கண்டேன்!

இனி இப்படியொரு சலுகை வந்தால், ஒப்புக்கொள்ளுமுன் வங்கியில் கேளுங்கள்: “இந்த மாதங்களின் வட்டியை எப்போது, எப்படிக் கட்டவேண்டும்?”