வன்னி நுளம்பும் கூர்ப்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கூர்ப்பு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். கூர்ப்பு என்றதும், குரங்கிலிருந்து மனிதன் வந்தானா என்ற வழக்கே பலர் மனத்தில் எழும். மிஷன் பாடசாலையிற் படித்த நாம், அவ்வழக்கை வேதபாட வேளையில் ஒருவிதமாகவும் விலங்கியல் வேளையில் வேறுவிதமாகவும் கேட்டு அலுத்தவர்கள். ஆதலால் குரங்கை இன்று விட்டுவிடுவோம். நம் அப்பப்பா, அம்மம்மா ஆகியோரின் இரத்தத்தைக் குடித்த ஒரு சிற்றுயிரை எடுத்துக்கொள்வோம். அதுதான் நுளம்பு.

முறைக்காய்ச்சல் வராத வீடு வன்னியில் முன்னாளில் இருந்ததில்லை என்று பெரியோர் சொல்வர். அக்காய்ச்சலின் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதை 1897 இல் றொனால்ட் றொஸ் என்பவர் இந்தியாவிலே கண்டறிந்தார். நமது நாட்டில் அதைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கூலிசிபேசீஸ் என்பது. கனகராயன் ஆறு போன்ற ஆறுகள் வற்றும்போது மணலிடையே தேங்கும் தெளிந்த குட்டைகளே அதற்கு உகந்த தொட்டில்.

1946 இல் வீடுதோறும் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினார்கள். காய்ச்சல் விரைந்து குறைந்தது. குளங்களின் கீழ் வந்து குடியேறியோர் நிலைத்துநின்று வயல் செய்ய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1963 இல் நாடு முழுவதிலும் பதிவானவர்கள் 17 பேர் மாத்திரமே. வெற்றி முடிந்துவிட்டதென்று தெளிப்பதை நிறுத்தினர். 1968, 1969 ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலிற் கிடந்தனர். நிறுத்தியதே இதற்கு முதற் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மருந்தை மீண்டும் கையில் எடுத்தபோது வேறொன்றும் தெரியவந்தது. 1969 இல் சோதித்தபோது, டி.டி.ரி. பட்டும் சாகாத நுளம்புகள் காணப்பட்டன.

இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நுளம்பு மருந்தைப் பழகிக்கொண்டது என்று நாம் பேச்சுவாக்கிற் சொல்வதுண்டு. அது சரியன்று. எந்த ஒரு நுளம்பும் எதையும் பழகவில்லை. கோடிக்கணக்கான நுளம்புகளுள் சிலவற்றில், நஞ்சைச் சிதைக்கவல்ல பரம்பரையலகுகள் தற்செயலாக அமைந்திருந்தன. மருந்தில்லாத காலத்தில் அவற்றுக்கு அதனால் நன்மை ஏதும் இல்லை. மருந்து வந்ததும் ஏனையவை மடிந்தன; அச்சில தப்பின. ஒரு பெண் நுளம்பு ஒரு முறைக்கு நூறுக்கு மேல் முட்டையிடும். முட்டை நுளம்பாவதற்கு இரு கிழமையளவே செல்லும். ஓராண்டில் இருபது தலைமுறை! மனிதருக்கு ஐந்நூறு ஆண்டு வேண்டியதை அது ஓராண்டில் முடித்துவிடும். ஆகவே மாறியது தனி நுளம்பன்று, குடித்தொகையே மாறியது. இதுதான் இயற்கைத் தேர்வு. டார்வினோடு சேர்ந்து 1858 இல் இக்கருத்தை வெளியிட்ட வாலசு, மலாய்த் தீவுகளிலே குளிர்காய்ச்சலிற் படுத்திருந்தபோதுதான் இதனை எண்ணினார் என்பது நமக்கு ஒரு வேடிக்கை. எழுபதுகளில் டி.டி.ரி. யைக் கைவிட்டு மலத்தியன் தெளித்தார்கள். காலப்போக்கில் அதற்கும் அதே கதை.

இனிப் புதிய இனம் தோன்றுவதைப் பார்ப்போம். ஒரு குடித்தொகை இரண்டாகப் பிரிந்து நெடுங்காலம் கலவாதிருந்தால், இரு பகுதியிலும் வெவ்வேறு மாறல்கள் சேர்ந்துகொண்டே போகும். மீண்டும் அவை ஒரே ஆற்றங்கரையிற் சந்தித்தாலும், கூடி வளமான சந்ததியைப் பெறாவிடின் அவை இரண்டு இனங்கள். உருவம் ஒன்றாயிருப்பது பொருட்டன்று. ஏர்ணசு மேயர் 1942 இல் இதை வற்புறுத்தினார்.

நமது கூலிசிபேசீஸ் இதற்கு நல்ல சான்று. கண்ணுக்கு ஒன்றேபோலத் தோன்றும் அது ஐந்து இனங்களின் கூட்டம். ஏ, பீ, சீ, டீ, ஈ என்று எழுத்தால் அழைக்கிறார்கள். (நுளம்புக்கு ஈ என்று பெயர் வந்ததைப் பார்த்தீர்களா!) இலங்கையில் உள்ளது பீ மட்டுமே என்று நெடுநாள் நம்பினர். இந்தியாவிலோ பீ காய்ச்சலைப் பரப்புவதிற் சோம்பேறி. அங்கே தீங்கு செய்யாதது இங்கே மட்டும் எவ்வாறு கொடியதாயிற்று? 1999 இல் இராமேசுவரத்து நுளம்புகளிடையே ஈ என்னும் இனம் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே இலங்கையிலும் பீயும் ஈயும் கலந்து வாழ்வதை ஆய்வாளர் காட்டினர். அவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் சுரேந்திரன். இரண்டையும் பிரித்தறிய உதவியது ஆண் நுளம்பின் வை நிறமூர்த்தத்தின் வடிவ வேறுபாடு. காய்ச்சலைப் பரப்பிய குற்றவாளி ஈ. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அது இருந்திருக்கிறது. நாம்தான் அதற்குப் பெயர் வைக்காதிருந்தோம்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. நம் பாடநூல்களில் இனம், சாதி என்னும் சொற்கள் உயிர்களின் பாகுபாட்டுக்கு வழங்குகின்றன. தெருவிலும் அதே சொற்கள் மனிதருக்கு வழங்குகின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, நமக்குள்ளும் இயற்கையே வேலி போட்டிருப்பதாகச் சிலர் வாதிடக் கேட்கிறோம். விலங்கியல் அதற்குச் சாட்சி சொல்லாது. மேயரின் அளவுகோலால் அளந்தால் உலகத்து மனிதர் யாவரும் ஒரே இனம்.

2012 ஒற்றோபருக்குப் பின் 2016 வரை உள்நாட்டில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், இந்திய நகரங்களில் காய்ச்சலைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிலே காணப்பட்டது. இது ஆற்றுக் குட்டையை நாடிப் போவதில்லை. வீட்டுக் கிணற்றில் முட்டையிடுகிறது.